ஆட்டோகிராஃப் புக்கை ஸ்கேன் பண்ணக் கொடுத்தேன், ஒரு பக்கம் காலியா வந்துச்சு

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போடப் போறதில்ல. நல்லதும் இருக்கு குறையும் இருக்கு, ஆனா அந்தக் கடை அங்கிள் தங்கமான மனுசன், யாரும் தேடிப்போய் திட்டிட்டு வந்துடாதீங்க. சிங்கப்பூர்ல பூகிஸ் பக்கத்துல ஒரு பழைய காம்ப்ளெக்ஸ், மேல் மாடி, மூணு பேரு உள்ள போனா நாலாவது ஆளு வெளிய நிக்கணும், அவ்வளவுதான் கடை. பழைய ஃபோட்டோ, ஆல்பம், டைரி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி தம்ப் டிரைவ்ல போட்டுத் தர்றாங்க, பிஞ்சுபோன புக்குக்கு முதுகு ஒட்டியும் தர்றாங்க. இதுக்கெல்லாம் காசு கொடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், கோப்பி போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் கொடுத்தது ரெண்டு ஐட்டம். ஒண்ணு 1994ல நான் செக்கண்டரி ஃபோர் (பத்தாங்கிளாஸ் மாதிரி) முடிக்கிறப்ப எல்லார்கிட்டயும் எழுதி வாங்குன ஆட்டோகிராஃப் புக்கு, இன்னொண்ணு அதே வருஷத்து ஸ்கூல் மெகஸின். ஆட்டோகிராஃப் புக்கு பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல வாங்குனது, அப்பல்லாம் அசெஸ்மென்ட் புக்கு, பழைய டெக்ஸ்ட் புக்கு எது வேணும்னாலும் அங்கதானே போவோம். மெத்துமெத்துன்னு அட்டை, மேல பூனைக்குட்டி படம், சைடுல ஒரு குட்டிப் பூட்டு, சாவி தொலைஞ்சு முப்பது வருஷம் ஆச்சு, ஹேர்பின் போட்டாலே தொறக்கும். உள்ள நாலு கலர்ல பக்கம், ரோஸ், மஞ்சள், வெளிர் பச்சை, வெளிர் நீலம். இந்தக் கலர் மேட்டர ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

போன தீபாவளிக்கு முன்னாடி பாம் ஷெல்டர (எங்க வீட்டு ஸ்டோர் ரூம் அதான்) காலி பண்ணுறப்ப டப்பாக்கு அடியில கெடந்துச்சு. ராமபாணப் பூச்சி ஓரத்தை அரிச்சிருக்கு, முதுகுப் பசை காஞ்சு பக்கம் பக்கமா கழண்டு வருது, எப்பவோ எங்கப்பா ஒட்டுன டேப்பு மஞ்சளாகி பிசுபிசுன்னு ஆயிடுச்சு. (பழைய பேப்பர்ல செலோடேப் மட்டும் ஒட்டிடாதீங்க, அந்தப் பசை காகிதத்துக்குள்ள இறங்கிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது.) மொதல்ல ஃபோன்லயே ஆப் போட்டு எடுத்துப் பாத்தேன், சீலிங் லைட்டு பளிச்சுன்னு விழுது, பக்கம் நடுவுல வளைஞ்சு எழுத்தெல்லாம் கோணல், ஜிகினா ஜெல் பேனாவுல எழுதுனது ஒண்ணுமே தெரியல. எம்பொண்ணு பாத்துட்டு, "என்னம்மா எல்லாரும் வீட்டு அட்ரஸு, யூனிட் நம்பரு வரைக்கும் எழுதியிருக்காங்க, பயமே இல்லையா?"ங்கறா. பயமா, அட்ரஸ் எழுதலன்னாதான் எங்களுக்குக் கோவம் வரும்.

சரின்னு கடைக்குப் போனேன். ஒரு பக்கத்துக்கு 1 வெள்ளி (டாலர்) 20 காசு. ஆட்டோகிராஃப்ல எழுதுன பக்கம் 70, அது 84 வெள்ளி. மெகஸின்ல எங்க கிளாஸ், ஈசிஏ (பாடம் போக நடக்குற கிளப்பு, விளையாட்டு, இப்ப சிசிஏன்னு சொல்றாங்க) ஃபோட்டோ எல்லாம் சேத்து 8 பக்கம், 9 வெள்ளி 60 காசு. முதுகு ஒட்ட 40, தம்ப் டிரைவ் 15. மொத்தம் 148 வெள்ளி 60 காசு, சின்னக் கடைங்கறதால ஜிஎஸ்டி இல்ல, ஃபோன்லயே பேநவ்ல காசு அனுப்பிட்டேன். விலைய வெளிய போர்டுல போட்டிருக்காங்க, கடைசியில வந்து அது எக்ஸ்ட்ரா இது எக்ஸ்ட்ரான்னு சொல்லல, அதுக்கு ஒரு மார்க்கு. புக்கை வாங்குறப்பவே அங்கிள் எம்முன்னாடி ஒவ்வொரு பக்கமா எண்ணி, எது கிழிஞ்சிருக்கு, எது கழண்டிருக்குன்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டாரு, அதுக்கு இன்னொரு மார்க்கு. பேப்பர உள்ள இழுக்குற மெஷின்ல போட மாட்டேன், கண்ணாடி மேல கவுத்து வச்சுதான் எடுப்பேன்னும் சொன்னாரு. இத நீங்க எந்தக் கடையில கொடுத்தாலும் கேட்டுக்குங்க, இழுக்குற மெஷின்ல கழண்ட பக்கம் போச்சுன்னா கசங்கித்தான் வெளிய வரும்.

அஞ்சு நாள்னு சொன்னாங்க, பதினொரு நாள் ஆச்சு. நடுவுல மூணு வாட்டி மெசேஜ் போட்டேன், ரெண்டு நீல டிக்கு வருது, பதில் வரல. அதுக்கு மார்க்கு கட்.

வாங்குன அன்னிக்கு நேரா விக்டோரியா ஸ்ட்ரீட் லைப்ரரிக்குப் போய் உக்காந்து லேப்டாப்ல சொருகிப் பாத்தேன். இந்தக் கட்டடம் 2005ல தொறந்தது. எங்க காலத்து லைப்ரரி ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டுல செங்கல் கலர்ல இருக்குமே, அது, 2004ல மூடிட்டாங்க, இப்ப அந்தப் பக்கம் கார் போற டனல்தான். இந்த ஆட்டோகிராஃப் புக்குல பாதி அந்த லைப்ரரிப் படிக்கட்டுல உக்காந்து எழுதுனதுதான், படிக்கப் போறோம்னு வீட்டுல சொல்லிட்டு.

மொத்தமா நாலஞ்சு ஜிபி. ஒரு பக்கமே 50 எம்பி கிட்ட வருது, ஏன்னா 600 டிபிஐல (அவ்வளவு நுணுக்கமா) டிஃப் ஃபைலா, அதாவது தரம் குறையாத பெரிய ஃபைலா கேட்டிருந்தேன், கூடவே சின்ன ஜேபெக்கும் கொடுத்துட்டாங்க. பெருசு பண்ணிப் பாத்தா பேனா அழுத்தம் தெரியுது, லிக்விட் பேப்பர் பூசி அதுக்கு மேல எழுதுன இடத்துல வெடிப்பு தெரியுது. நல்லாதான் இருந்துச்சு, இல்லங்கல. மெகஸின் ஃபோட்டோவ எடுத்த விதம்தான் ரொம்பப் புடிச்சது. அச்சடிச்ச ஃபோட்டோவ உத்துப் பாத்தீங்கன்னா குட்டிக் குட்டிப் புள்ளியா இருக்கும், ஸ்கேனரும் கட்டம் கட்டமாத்தான் படிக்கும், ரெண்டும் ஒத்துப்போகலன்னா முகத்து மேல அலை அலையா கோடு விழும். நானே ஆஃபீஸ் மெஷின்ல எடுத்தப்ப எங்க கிளாஸ் டீச்சர் ஏதோ கொசுவலைக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி வந்தாங்க. இவரு பெரிய சைஸ்ல எடுத்து அப்புறம் லேசா மென்மையாக்கி சின்னது பண்ணியிருக்காரு, கோடே இல்ல. நாப்பது பேரு, எல்லா முகமும் தெரியுது, என் ரெட்டைப் பின்னல்ல ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி கெடக்குறது வரைக்கும்.

அப்புறம் ஆட்டோகிராஃப் ஃபோல்டர தொறந்து ஒவ்வொண்ணா படிக்க ஆரம்பிச்சேன். ஐயோ. "காற்று உள்ளவரை கடல் உள்ளவரை நம் நட்பு"ன்னு தங்கக் கலர் ஜெல் பேனாவுல ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கா ஒருத்தி, சுத்தி ரோஜாப்பூ வரைஞ்சு, கடைசியில லிப்ஸ்டிக் முத்தம் வேற. யாரு இவன்னு எனக்கு சத்தியமா ஞாபகம் இல்ல, மெகஸின்ல பேர வச்சுத் தேடி முகத்தப் பாத்தும் வரல. என்னை ரெண்டு வருஷம் "எண்ணெய்க் கடை"ன்னு கூப்பிட்ட பையன் நாலே வார்த்தை, "ஸ்டே கூல், குட் லக்", கீழ பேஜர் நம்பரு. எண்ணெய்க் கடைக்கு எதுக்குடா பேஜர் நம்பரு? பக்கத்து டேபிள் சீனப் பொண்ணு ஒருத்தி என் தமிழ் ஒர்க்புக்க பாத்து "அம்மா"ன்னு வரைஞ்சிருக்கா, எழுதல, வரைஞ்சிருக்கா. மகரத்துக்குப் புள்ளி கீழ இருக்கு, அகரம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கு. அவளுக்கு அது ஏதோ ஒரு டிசைன், ஆனா அரை மணி நேரம் நாக்க கடிச்சுக்கிட்டு வரைஞ்சா, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடையில ஃப்ரீயா எழுத்தை டைப் பண்ணுன ஃபைலும் கொடுத்தாங்க, மெஷினே படிச்சு எழுதுறது. கையெழுத்துங்கறதால இங்கிலீஷ்லயே பாதி தப்பு, தமிழ் மொத்தமும் கோழி கிளறுன மாதிரி, அந்த "அம்மா"வ ரெண்டு கேள்விக்குறியா போட்டிருந்துச்சு. ஃப்ரீயா கொடுத்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க.

பயோடேட்டா பக்கம் வேற இருக்கும்ல, பேரு, பொறந்த நாளு, புடிச்ச கலரு, லட்சியம். லட்சியத்துல பாதிப்பேரு டாக்டர், மீதிப்பேரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்டூவர்டெஸ். அட்ரஸ்ல போஸ்டல் கோடு நாலே நம்பர், ஏன்னா ஆறு நம்பர் வந்தது அடுத்த வருஷம்தான், 1995ல. வீட்டு ஃபோன் ஏழு நம்பர். தேதி போடாத பக்கம்கூட எந்தக் காலத்துதுன்னு இத வச்சே சொல்லிடலாம்.

41வது பக்கம் வந்தப்பதான். காலி. ரோஸ் பேப்பர்தான் அது, ஆனா ரோஸ் இல்ல, பளபளன்னு வெள்ளையா, ஒரு எழுத்து இல்ல. அப்புறம்தான் கவனிச்சேன், எல்லாப் பக்கமும் வெள்ளையாத்தான் இருக்கு. ரோஸ், மஞ்சள், பச்சை, நீலம் எதுவுமே இல்ல, ஏதோ போன வாரம் வாங்குன ஏஃபோர் பேப்பர்ல எழுதுன மாதிரி. பேனாவுல எழுதுனது தப்பிச்சிருச்சு, பென்சில்ல எழுதுனது போயிருச்சு. புக்கு முழுக்கப் பென்சில்ல எழுதுனது ஒரே ஒருத்திதான்.

அவ எங்க ஸ்கூலே இல்ல. எங்க ஸ்கூல்ல தமிழ் கெடையாது, அதனால வாரத்துல ரெண்டு நாளு பஸ் ஏறி உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போவோம், பல ஸ்கூலு பிள்ளைங்க பல கலர் யூனிஃபார்ம்ல வந்து ஒண்ணா உக்காருவோம். (எங்க அத்தை அந்தக் காலத்து உமறுப் புலவர் பள்ளிக்கூடத்துலயே படிச்சவங்க, தமிழ்லயே எல்லாப் பாடமும் நடத்துன உயர்நிலைப்பள்ளி, 1982ல மூடிட்டாங்க. நிலையம்னு சொன்னாலே போதும், எங்க ஸ்கூல் பேரத்தான் வச்சிருக்காங்கன்னு அரை மணி நேரம் பேசுவாங்க.) அங்க என் பக்கத்துல உக்காந்தவ இவ. எதையும் பென்சில்லதான் எழுதுவா, கட்டுரை கூட, வாத்தியார் திட்டுவாரு, "பேனாவுல எழுதுனா அழிக்க முடியாதே சார்"ம்பா. கிளாஸ் முடிஞ்சா ஒரே பஸ், நாலு வருஷம், ஜன்னல் சீட்டு அவளுக்கு. அவ முகம் எங்க மெகஸின்ல எங்கயும் இல்ல, எப்படி இருக்கும், வேற ஸ்கூல்தானே. ரெண்டு பேரும் சேந்து எடுத்த ஃபோட்டோ ஒண்ணுகூட இல்ல. அவ என்கூட இருந்தாங்கறதுக்கு இந்த ஒரு ரோஸ் பக்கம்தான்.

சண்டை ஒண்ணும் போடல. அவ ஜேசி (ஜூனியர் காலேஜ்) போனா, நான் பாலிடெக்னிக், பஸ்ஸு வேற வேற ஆயிடுச்சு. அப்புறம் அவ பேஜர் நம்பர மாத்துனா, நாங்க வீடு மாறுனோம், அவ்வளவுதான். இப்படி விட்டுப்போறதுக்கு ஒரு காரணம் இருந்தா பரவாயில்லன்னு சில நேரம் தோணும்.

மறுநாளே புக்கைத் தூக்கிட்டுக் கடைக்குப் போனேன், நல்லா சண்டை போடணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டே. அங்கிள் ஸ்க்ரீன பாத்தாரு, ஒரிஜினல பாத்தாரு, கண்ணாடிய கழட்டித் தொடச்சுப் போட்டு இன்னொரு வாட்டி பாத்தாரு. "பென்சில் ஆ? மெஷின் அழுக்குன்னு நெனச்சுக்கிச்சு லா"ன்னாரு. என்ன ஆச்சுன்னா, பார்ட் டைம் பையன் ஒருத்தன் ஆஃபீஸ் டாக்குமென்ட் எடுக்குற செட்டிங்லயே விட்டுட்டான். அந்த செட்டிங் பேப்பர் கலர தூக்கிட்டு வெள்ளையாக்கும், லேசா இருக்குறத கறைன்னு தொடச்சிடும், இன்வாய்ஸுக்கு நல்லது, நம்ம மாதிரி ஆளுக்குக் கேடு. ஃபோன் ஆப்லயும் இதே கதைதான், அழகா இருக்குன்னு நாமளும் விட்டுடுறோம். அதனால நீங்க கொடுக்குறப்பவே சொல்லிடுங்க, கலர்ல எடுங்க, க்ளீன் பண்ணாதீங்க, ஆட்டோ கரெக்‌ஷன் எதுவும் வேணாம்னு. அத பில்லுலயே எழுதச் சொல்லுங்க. பிரிண்ட் எடுக்குறப்ப வேணும்னா பளிச்சுன்னு ஆக்கிக்கலாம், ஆனா எடுக்குறப்பவே அழிஞ்சது திரும்பி வராது.

அங்கிள் மறுபேச்சுப் பேசல, மன்னிப்புக் கேட்டுட்டு எல்லா எழுபது பக்கத்தையும் ஃப்ரீயா திரும்ப எடுக்குறேன்னாரு. 41ஆம் பக்கத்த மட்டும் எம்முன்னாடியே எடுத்தாரு. பென்சில் ரொம்ப மங்கிப் போயிருந்துச்சு, எதிர்ப் பக்கத்துல ஒட்டித் தேஞ்சு கரி மாதிரி இழுவியிருந்துச்சு. ஸ்கேன் போக இன்னொண்ணு பண்ணாரு பாருங்க, கடை லைட்ட அணைச்சுட்டு ஒரு டேபிள் லேம்ப படுக்க வச்சு பக்கவாட்டுல அடிச்சு கேமராவுல எடுத்தாரு, பென்சில் அழுத்துன பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்தெல்லாம் எந்திரிச்சு நின்னுச்சு. இதுக்கு மட்டும் நான் தனியா அஞ்சு ஸ்டார் கொடுப்பேன்.

வீட்டு ஃபோன் நம்பர் போக அவ எழுதியிருந்தது இவ்வளவுதான்: "என்ன எழுதுறதுன்னு தெரியல. நீ எப்படியும் பஸ்ஸுல வருவே, அப்ப சொல்றேன்."

கீழ மூலையில பக்கத்த முக்கோணமா மடிச்சு, மேல "2000ல திற"ன்னு எழுதியிருக்கா. மறந்தே போயிருக்கேன். 2000 வந்துச்சு, போச்சு, அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷமும் போயிருச்சு. மொதல் வாட்டி எடுத்த பையனும் மடிப்ப தொறக்காமலே எடுத்திருக்கான். அங்கிள் ஸ்கேனர் மூடிய புடிச்சுக்கிட்டு, "இத நான் தொறக்க மாட்டேன், நீ தொற"ன்னு கைய எடுத்துட்டாரு. மடிப்பு காஞ்சு போயிருந்துச்சு, வேகமாத் தொறந்தா கிழிஞ்சிடும்னு ஒரு பிளாஸ்டிக் பட்டைய கையில கொடுத்தாரு, மெதுவா தூக்குனேன். எங்க சென்டர்ல ஒரு பையன ரெண்டு பேருமே பாத்துட்டு இருந்தோம், அதப் பத்தித்தான் ஏதோ இருக்கும்னு எனக்கு நெஞ்சு அடிக்குது. உள்ள பாத்தா: "2 வெள்ளி. ஃபேர்கார்டு. மறக்கல."

கடைக்குள்ளயே சிரிச்சேன் சிரிச்சேன் அப்படிச் சிரிச்சேன், அங்கிள் பயந்துட்டாரு. ஒரு நாளு என் ஃபேர்கார்டுல (பஸ்ஸுக்குக் காசு போட்டு வச்சுக்குற கார்டு) காசு முடிஞ்சு போய் பஸ் ஸ்டாப்புல முழிச்சப்ப ரெண்டு வெள்ளி கொடுத்தா, நாளைக்குத் தர்றேன்டின்னு சொன்னேன்.

அன்னிக்கு ராத்திரி அவ எழுதுன ஏழு நம்பருக்கு முன்னாடி 6 போட்டு அடிச்சேன். 2002ல வீட்டு ஃபோனுக்கெல்லாம் அப்படித்தானே 6 சேத்தாங்க, இப்ப யாரு வீட்டு ஃபோன் வச்சிருக்கா, எப்படியும் போகாதுன்னுதான் அடிச்சேன். மணி அடிக்குது! அவங்கம்மா எடுத்தாங்க. அதே வீடு, அதே புளோக்கு, அதே சத்தமான குரலு. நான் பேரச் சொன்னேன், புரியல. "பஸ்ஸுல கூட வருவேனே ஆண்ட்டி, தமிழ் கிளாஸு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், "ரெட்டைப் பின்னலா? பசியாறிட்டியா?"ன்னு கேட்டாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு.

சரி கடைக்கு வர்றேன். முதுகு ஒட்டுனது நல்லாருக்கு, விரிச்சு வச்சா படுத்துக்குது, பக்கம் எதுவும் கழளல, அட்டையில பூனைக்குட்டி அப்படியே இருக்கு. அப்பா ஒட்டுன டேப்ப எடுக்க முடியல, எடுத்தா எழுத்தும் வந்துடும்னு விட்டுட்டாங்க, அது சரிதான். ரெண்டாவது வாட்டி எடுத்ததுல ரோஸ் ரோஸா இருக்கு, மஞ்சள் மஞ்சளா இருக்கு, அதுக்கு இன்னும் ஒம்பது நாளு ஆச்சு, மெசேஜுக்கு அப்பவும் பதில் இல்ல. மொத்தத்துல அஞ்சுக்கு மூணரை. அவசரம்னா போகாதீங்க. போனா அங்கிள் இருக்குற நேரமாப் பாத்துப் போங்க, மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு.

அவ இப்ப பெர்த்ல இருக்கா, டிசம்பர்ல வர்றா. ரெண்டு வெள்ளிய உங்கம்மாகிட்ட கொடுத்துடட்டுமான்னு மெசேஜ் போட்டேன், முடியாதாம், கையிலதான் வாங்குவாளாம், அதுவும் அப்ப கொடுத்த மாதிரியே கப்பல் படம் போட்ட பழைய நோட்டா வேணுமாம். அந்த நோட்டு 1999லயே மாறிடுச்சு, பழைய காசு விக்கிற கடையில ரெண்டு வெள்ளி நோட்ட ரெண்டு வெள்ளிக்கா கொடுப்பான்? யாராச்சும் வீட்டு அலமாரியில, பழைய பர்ஸ்ல ஒண்ணு கெடந்தா சொல்லுங்க, புது நோட்டு மாத்தித் தர்றேன், வந்து வாங்கிக்கிறேன், யீஷூன் பக்கம்னா ரொம்ப வசதி.